ஏழாம் வகுப்பில் இசை நிலைநாட்டப்பட்ட வரலாறு

இசையை வளர்த்தவர்கள் என்று தஞ்சாவூர்ப் பக்கம் நிறையப் பேரைச் சொல்வார்கள். ஆற்றங்கரையும் வெற்றிலைச் செல்லமும் ஜரிகை அங்கவஸ்திரமுமாக வசதியோடு இருந்தவர்கள். வளர்க்காமல் என்ன செய்வார்கள்? மழையும் இல்லாமல், சுருதிப் பெட்டியும் இல்லாமல், பாடவும் தெரியாமல் இசையை நிலைநாட்டிய பெருமை தர்மபுரி மாவட்டத்துக்கே உரியது. அதைச் செய்து காட்டியவள் அக்தர் பேகம் என்னும் பயிற்சி ஆசிரியை. இருபது வயதுகூட ஆகாதவள், நாற்பத்திரண்டு பேர் கொண்ட ஒரு ஏழாம் வகுப்பில், ஆறே வாரத்தில் இதைச் சாதித்தாள்.

1973ஆம் ஆண்டு அது. ஒவ்வொரு பயிற்சி மாணவியும் ‘கூடுதல் திறன்’ ஒன்றில் கற்பித்தல் பயிற்சி பெற வேண்டும் என்று அவள் படித்த ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்குச் சுற்றறிக்கை வந்திருந்தது. யாருக்கு எந்தத் திறன் இருக்கிறது என்று விசாரிக்கப் போனால் காலதாமதம் ஆகும், மனத்தாங்கலும் வரும். ஆகவே வருகைப் பதிவேட்டின் அகர வரிசைப்படி திறன்கள் பங்கிடப்பட்டன. உயிரெழுத்தில் தொடங்கும் பெயர்களுக்கு இசை. ககரம் முதல் பகரம் வரை நெசவு. மீதமுள்ளோருக்குத் தோட்டக்கலை.

அக்தர் பேகம் பட்டியலில் முதல் பெயர். தர்மபுரியில் அவளுடைய அப்பா தையற்காரர். தையல் மெஷினைத் தவிர வேறு வாத்தியம் அந்த வீட்டில் ஒலித்ததில்லை. ஆனால் அவள் கை வைத்தால் மண்ணெண்ணெய் டின்னில்கூட ரோஜா பூக்கும். அவளுடைய அறைத்தோழி ராஜமேரிக்கோ மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்துப் பழக்கம். செடியைப் பார்த்தால் தும்மல் வரும். அவளுக்குக் கிடைத்தது தோட்டக்கலை. இருவரும் போய்ப் பயிற்சிப் பொறுப்பாளர் ராஜப்பன் முன்னால் நின்றார்கள்.

“சார், ராஜமேரி நல்லாப் பாடுவா. நான் நல்லாச் செடி வளர்ப்பேன். ரெண்டு பேரும் மாத்திக்கலாமுங்களா?”

ராஜப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கல்வியில் அந்த ஆண்டு வந்த புதுமை எதுவானாலும் அந்த ஆண்டே நம்பிவிடுகிறவர் அவர். “ஏம்மா, தெரிஞ்சதையே செய்யறதுக்குப் பேரு பயிற்சியா? தெரியாததைச் செய்யறதுதாம்மா பயிற்சி.”

“தெரியாம எப்படிங்க சார் சொல்லிக் குடுக்கறது?”

“அதுக்குத்தானே பாடக்குறிப்பு இருக்குது?” என்றார் ராஜப்பன்.

அக்தருக்கு வாய்த்தது மாரண்டஹள்ளியிலிருந்து மூன்று மைல் உள்ளே இருந்த ஒரு நடுநிலைப் பள்ளி. பெயர் வேண்டாம். பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசிவிட்டுப் பள்ளிக்கு வந்து தமிழில் வாய் திறப்பவர்கள். ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. அது கூரையை எட்டுவதற்கு முன்பே மனம் மாறி நின்றுவிட்டது. அந்தப் பக்கம் பச்சியப்பன் வாத்தியாரின் கணக்கு. இந்தப் பக்கம் அக்தரின் இசை.

முதல் பாடத்துக்கான குறிப்பை அவள் இரண்டு இரவு விழித்து மூன்று நிற மையில் எழுதியிருந்தாள். பொதுக் குறிக்கோள், சிறப்புக் குறிக்கோள், துணைக்கருவிகள், ஊக்குவித்தல், மதிப்பீடு எல்லாம் அதில் இருந்தன. பாட்டு எந்தக் குரலில் தொடங்க வேண்டும் என்பதற்கு மட்டும் கட்டம் கிடையாது. ஆகவே அவள் பயத்தில் எந்தக் குரல் வந்ததோ அந்தக் குரலில் தொடங்கினாள். அது மிகவும் உயரமான குரல். ஸ, ரி, க, ம என்று ஏறி ‘ப’ வரும்போது நூலாக இளைத்தது. ‘த’வில் புதுத்துணி கிழிகிற மாதிரி கிறீச்சென்று உடைந்தது. அவள் இருமிவிட்டு, “எங்கே, சொல்லுங்க பார்க்கலாம்” என்றாள்.

நாற்பத்திரண்டு பேரும் சொன்னார்கள். அதே உயரத்தில் தொடங்கி, ‘ப’வில் இளைத்து, ‘த’வில் ஒரே இடத்தில் கிறீச்சென்று உடைந்து, கடைசியில் ஒரே குரலாக இருமினார்கள்.

கேலி செய்கிறார்களோ என்று அக்தர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒரு முகத்திலும் சிரிப்பு இல்லை. டீச்சர் சொன்னதைச் சொன்ன மாதிரியே திருப்பிச் சொல்லிவிட்ட நிம்மதிதான் இருந்தது. அவள் மறுபடி பாடினாள். இந்தத் தடவை ‘ம’விலேயே உடைந்தது. அவர்களும் ‘ம’வில் உடைந்தார்கள்.

வாசலில் பச்சியப்பன் வாத்தியார் வந்து நின்றார். கையில் சுண்ணாம்புக் கட்டி, முகத்தில் உண்மையான கவலை.

“டீச்சர், யாருக்காச்சும் அடிபட்டுடுச்சுங்களா?”

“இல்லீங்க சார். பாட்டு.”

“ஓ” என்றார் அவர். ஆனால் போகவில்லை. “அது ஒண்ணுமில்லீங்க டீச்சர். எங்க பசங்க வாய்ப்பாடு சொன்னா, எட்டேழு அம்பத்தாறுல வந்து இருமறாங்க. அதான் கேட்டேன்.”

மாலையில் தலைமை ஆசிரியர் மாயவன் கூப்பிட்டு அனுப்பினார். ஓய்வு பெற இரண்டே ஆண்டுகள் பாக்கி உள்ள நல்ல மனிதர். குரல் உயர்த்தி யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை. பிறர் உயர்த்தினாலும் தாங்க மாட்டார்.

“பாட்டு சொல்லிக் குடுங்கம்மா, நான் வேண்டாங்கல. சத்தம் இல்லாம சொல்லிக் குடுங்க.”

“பாட்டை எப்படிங்க சார் சத்தம் இல்லாம...”

“நான் முப்பது வருஷம் பூகோளம் எடுத்தவன். இமயமலை சொல்லிக் குடுத்திருக்கறேன். அதுக்காக வகுப்புக்குள்ள இமயமலையைக் கொண்டாந்தனா? எழுதிப் போட்டேன். பசங்க எழுதிக்கிட்டாங்க. அவ்வளவுதானே?”

உண்மையைச் சொன்னால், இந்த வாதத்தில் தோற்றதில் அக்தருக்குச் சந்தோஷமே. இனி அந்த ‘த’வின் பக்கம் போக வேண்டாம். மறுநாள் முதல் ஏழாம் வகுப்பில் இசை, உரிய அமைதியோடு நடைபெறலாயிற்று. “இசை என்பது செவிக்கு இன்பம் தரும் ஒலிகளின் ஒழுங்கான சேர்க்கை ஆகும்” என்று அவள் மெல்ல வாசித்தாள், பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். மற்ற ஊர்களில் பாட்டுக்குத் தாளம் வேண்டியிருந்தது. இங்கே தாள் போதுமாக இருந்தது. தலைமை ஆசிரியர் அந்தப் பக்கம் போனபோது வாசலில் நின்று, ஒன்றும் கேட்காததைக் கேட்டு மகிழ்ந்து, அவளுடைய பதிவேட்டில், “இசை வகுப்பு அமைதியாக நடைபெறுகிறது. பாராட்டுகள்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது வாரம், மதிய இடைவேளை. பிள்ளைகள் சாப்பிட்ட தட்டைக் கழுவும் அடிபம்புப் பக்கம் அக்தர் தண்ணீர் பிடிக்கப் போனாள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் தட்டோடு சுற்றி நிற்க, ஆட்டுக்காரர் மகள் செல்லி பம்பை அடித்துக்கொண்டிருந்தாள். ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சு. எழுத்துக் கூட்டி எழுதுவதற்குள் மற்றவர்கள் மூன்று வரி போய்விடுவார்கள். கைப்பிடி கீழே இறங்கும்போது ஒரு அடி, மேலே ஏறும்போது ஒரு அடி. அந்தக் கணக்கில் அவள் பாடிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். களை பறிக்கிறபோது பாடுகிற மெட்டு. அக்தர் உற்றுக் கேட்டாள். சொற்கள் அவளுக்கு நன்றாகத் தெரிந்தவையாக இருந்தன.

‘இசை என்பது... ஏலேலோ... செவிக்கின்பம்... தருகின்ற ஒலிகளின்...’

முந்தின நாள் சொல்லி எழுத வைத்த வரையறைதான். ‘ஒழுங்கான சேர்க்கை’ என்கிற இடத்தில் செல்லி ஒரு வளைவு வளைத்து இறக்கினாள். அந்தச் சொற்றொடருக்கு உண்மையிலேயே ஏதோ அர்த்தம் இருக்கிறது என்று அக்தருக்கு அப்போதுதான் தோன்றியது.

டீச்சரைப் பார்த்ததும் பாட்டு நின்றது.

“தப்பா எழுதிட்டமுங்களா டீச்சர்?” என்றாள் செல்லி.

“இல்ல. நல்லா இருக்குது. என்னால இப்படிப் பாட முடியாது.”

செல்லி கொஞ்சம் யோசித்தாள். பெரியவர்களிடம் குறை சொல்ல வேண்டியிருக்கிறதே என்கிற சங்கடம் முகத்தில் தெரிந்தது. “டீச்சர், நீங்க எடுத்த உடனே மரத்து மேல ஏறி நின்னுக்கறீங்க. அப்புறம் மேல போவ எடம் ஏதுங்க? கீழ இருந்து வாங்க.”

அக்தர் சுற்றுமுற்றும் பார்த்தாள். தலைமை ஆசிரியர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். குடத்தைப் பம்புக்கு அடியில் வைத்துவிட்டு, மிகவும் கீழே, தனக்கே கேட்காத மாதிரி தொடங்கினாள். ‘ப’ இளைக்கவில்லை. ‘த’ வந்தது, போயிற்று, ஒன்றும் உடையவில்லை. மேல் ‘ஸ’வில் போய் நின்றபோது, தனக்கு ஒரு குரல் இருக்கிற செய்தியை முதன்முதலாகக் கேள்விப்பட்டவள்போல அவள் சிரித்துவிட்டாள். பெண்களும் சிரித்தார்கள். செல்லி அடித்துக்கொண்டே இருந்ததில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு இசை வகுப்பு, மைதானத்தைத் தாண்டி ஏரிக்கரை மேட்டுக்கு மாறியது. பதிவேட்டில் அவள் இதை ‘இயற்கைச் சூழலில் கற்றல்’ என்று எழுதினாள். தலைமை ஆசிரியர் மிகுந்த மகிழ்ச்சியோடு அனுமதித்தார், ஏனென்றால் மேட்டுக்கும் அவருடைய அறைக்கும் அரை மைல். அங்கே மூன்று வாரம் நடந்தது எந்தப் பாடத்திட்டத்திலும் கிடையாது. பிள்ளைகள் வீட்டிலிருந்து தெலுங்குப் பாட்டு கொண்டுவந்தார்கள், கன்னடத் தாலாட்டு கொண்டுவந்தார்கள். அக்தர் அவற்றில் ஸ்வரம் தேடினாள். செல்லி எடுத்துக் கொடுத்தாள். வாரத்தில் நான்கு நாள் தக்காளி பறிக்கப் போய்விடுகிற பிள்ளைகள் பாட்டு உள்ள நாளில் தவறாமல் வந்தார்கள். ஐந்து பேர் மட்டும் வாய் திறப்பதில்லை. அவர்களில் முனியப்பன் ஓரமாக உட்கார்ந்து நோட்டைத் திறந்து பழைய குறிப்புகளை மனப்பாடம் செய்துகொண்டிருப்பான். அவனுக்குப் பாட்டென்றால் தலைவலி.

ஐந்தாவது வாரம், மாதிரிப் பாடத்தைப் பார்வையிட ராஜப்பன் வந்தார்.

அன்றைய பாடக்குறிப்பின் தலைப்பு, ‘ஸ்வரங்களின் எண்ணிக்கையும் பெயர்களும்’. அக்தர் காலையிலிருந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பிள்ளைகளைப் பாட விட்டுவிடலாம். காது உள்ள மனிதர்தானே, கேட்டால் புரிந்துவிடும்.

ராஜப்பனும் மாயவனும் கடைசி பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார்கள். அக்தர் கீழே தொடங்கினாள். வகுப்பு வாங்கிக்கொண்டது. செல்லி மேலே எடுத்துக்கொண்டு போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் பச்சியப்பன் வாத்தியாரின் சுண்ணாம்புக் கட்டி கரும்பலகையில் நின்றுவிட்டது. பாட்டு ஏற ஏற, ராஜப்பனின் வலது கால் தானாகத் தரையைத் தட்டத் தொடங்கியது. அவர் அதைக் கவனித்துவிட்டார். இடது காலைத் தூக்கி அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, “போதும்” என்றார்.

“இது எந்தக் குறிக்கோள்ல வருதும்மா?”

“பாடறாங்க சார்.”

“பாடறது கேக்குது. அறிதலா, புரிதலா? பாடக்குறிப்புல ‘எண்ணிக்கை’ன்னு போட்டிருக்கற. எண்ணிக்கை எங்க?” அவர் எழுந்து செல்லியைக் காட்டினார். “நீ சொல்லு. ஸ்வரம் எத்தனை?”

செல்லி எழுந்து நின்று ஸ, ரி, க என்று பாடத் தொடங்கினாள்.

“பாடாத. சொல்லு.”

“பாடினாத்தாங்க சார் எனக்கு வரும்.”

“எண்ணிக்கை கேட்டேன்.”

செல்லி உதடு மட்டும் அசைய விரல்களை மடக்கினாள். அப்புறம் மரியாதையாக ஒரு சந்தேகம் கேட்டாள். “ஏறிப் போயி நிக்கற எடத்தையும் சேத்துங்களா சார்? சேத்தா எட்டு.”

“தப்பு. வேற யாரு?”

“ஏழுங்க சார்!” என்றான் முனியப்பன். “ஸ்வரங்கள் மொத்தம் ஏழு. அவையாவன...” அவை எல்லாவற்றையும் ஒரே மூச்சில், ரேஷன் கடைச் சாமான் பட்டியல் மாதிரி சொல்லி முடித்தான்.

“சபாஷ்” என்றார் ராஜப்பன். “தலைமை ஆசிரியர் ஐயா, இந்தப் பையன்தான் இசையைப் புரிஞ்சிக்கிட்டவன்.”

வகுப்பு முடிந்ததும் அவர் அக்தரைத் தனியே அழைத்தார். கோபமாக இல்லை, ஒரு புதுமையை விளக்கக் கிடைத்த வாய்ப்பில் கனிவாகவே இருந்தார். இருபத்தைந்து மதிப்பெண்ணுக்கு ஒரு எழுத்துத் தேர்வு வைக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலை ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் இசைப் பயிற்சி ‘முழுமை பெறாதது’ ஆகிவிடும். சான்றிதழ் அடுத்த ஆண்டுதான்.

“சார், செல்லி ரொம்ப நல்லாப் பாடுவா. பாடறதுக்கே மார்க் போட்டா என்னங்க?”

“பாட்டை எதை வெச்சும்மா அளப்ப? எழுதினா அளக்கலாம். அளக்க முடியாதது பாடமே இல்ல.” புறப்படும்போது திரும்பிச் சொன்னார்: “மார்க் போடறது உன் சுதந்திரம். அதுல நான் தலையிட மாட்டேன்.”

அன்று இரவு அக்தர் அப்பாவை நினைத்துக்கொண்டாள். கடைக்குச் சட்டை தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், “எங்க அக்தரு வர்ற வருஷம் டீச்சருங்க” என்று அளவெடுத்துக்கொண்டே சொல்லி வைத்திருந்தார். அவள் கேள்வித்தாள் தயாரித்தாள்.

தேர்வு நாள். இசை என்றால் என்ன என்பது முதல் கேள்வி. செல்லி தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடினாள், உதடு அசைந்தது, பம்படியில் கேட்ட அந்த மெட்டு, மூச்சளவில் வெளியே வந்தது. ‘இசை என்பது...’ பென்சில் நகர்ந்தது. நாலு பெஞ்சு தள்ளியிருந்த பிள்ளைகளும் தலை நிமிர்ந்தார்கள். தேர்வு நடக்கும் அறையில் ஒருவர் விடையை மற்றவர் கேட்கலாகாது என்பது விதி. அக்தர் அவளருகே போய்க் குனிந்தாள்.

“செல்லி, வாயை மூடிக்கிட்டு எழுது.”

செல்லி வாயை மூடிக்கொண்டாள். பென்சிலும் நின்றது. மணி அடிக்கும் வரை அது நகரவில்லை.

முனியப்பனுக்கு இருபத்துநான்கு, கையெழுத்துக்கு ஒன்று குறைந்தது. செல்லிக்கு மூன்று. அவளுக்குக் கேள்வி ஞானம் இருந்தது. கேள்வித்தாள் ஞானம் இல்லை. அந்த மூன்றைச் சிவப்பு மையில் எழுதிவிட்டு அக்தர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு வளைவு போட்டால் எட்டாகும். ஆனால் எட்டும் தோல்விதான். தேர்ச்சிக்கு ஒன்பது வேண்டும். ஏரிக்கரை மேட்டில் பாடியவர்கள் எல்லாரும் எட்டுக்குக் கீழேதான் இருந்தார்கள். ஐந்து பேர் தேறினார்கள். ஐவரும் அங்கே வாய் திறக்காதவர்கள்.

பட்டியல் வராந்தாவில் ஒட்டப்பட்டது. பிள்ளைகள் கூடி நின்று படித்தார்கள். செல்லி பக்கத்துப் பெண்ணிடம் தன் வரியைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். அன்று மதியம் அடிபம்பில் கைப்பிடி கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை, அக்தருக்கு வழியனுப்பு விழா. பள்ளி முற்றத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஆசிரியர்களுக்கு வேலியோரம் நாற்காலி. ராஜப்பன் சான்றிதழைக் கையோடு கொண்டுவந்திருந்தார். இசைப் பயிற்சியில் அக்தர் பேகம் முதல் வகுப்பு. கூட்டம் முடிந்ததும் தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

மாயவன் எழுந்தார். “முதல்ல இறைவணக்கம். செல்லி, வாம்மா.”

செல்லி வரிசையிலிருந்து ஒரு அடி முன்னால் வந்து கைகட்டி நின்றாள். “நான் பாட்டுல ஃபெயிலுங்க சார்.”

“அதனால என்னம்மா? பாடு.”

“ஃபெயிலானவங்க பாடலாமுங்களா சார்?” அவள் குரலில் கோபமோ குறும்போ இல்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள். “முனியப்பன் இருபத்திநாலுங்க. அவனைப் பாடச் சொல்லுங்க.”

முனியப்பன் பெருமையோடு முன்னால் வந்தான். கண்ணை மூடினான். “இறைவணக்கம் என்பது விழாவின் தொடக்கத்தில் பாடப்படும் பாடல் ஆகும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் நின்றுகொண்டான்.

“வேற யாராச்சும்?” என்றார் மாயவன். ஒருவரும் அசையவில்லை. வரிசை வரிசையாக மூன்றும் நாலும் ஏழும் வாங்கியவர்கள் தலை குனிந்து நின்றார்கள். ராஜப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். பாலக்கோட்டுக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்கு.

“டீச்சர் பாஸாயிட்டாங்கன்னு சொன்னாங்க சார்” என்றாள் செல்லி. “டீச்சரு பாடலாமுங்க.”

எல்லாரும் அக்தரைப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள். வாயைத் திறந்தாள். ஏழு ஸ்வரத்தில் எதுவும் வரவில்லை. ‘அந்த மார்க் தப்பு’ என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ராஜப்பன் கையில் இருந்த காகிதம் காற்றில் படபடத்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

நெருக்கடியில் யோசனை தோன்றுகிறவர் மாயவன். “சரி, நேரமாவுது” என்றார். “எல்லாரும் ரெண்டு நிமிஷம் அமைதியா நிக்கலாம். கடவுளுக்கு அது போதும்.”

ஆசிரியர்கள் எழுந்தார்கள். முற்றம் முழுவதும் தலை குனிந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து, தக்காளிக் கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு வியாபாரி சைக்கிளில் அந்த வழியாக வந்தார். ஒரு பள்ளிக்கூடமே மூச்சு விடாமல் நிற்பதைப் பார்த்துச் சட்டென்று இறங்கினார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு வேலியோரம் வந்தார். அங்கே கிட்டத்தில் நின்றவள் அக்தர்தான்.

“யாருங்கம்மா தவறிட்டாங்க?” என்று மெல்லக் கேட்டார்.

அக்தர் தலை நிமிரவில்லை. “பாட்டு டீச்சருங்க.”

“அடப் பாவமே. வயசானவங்களா?”

“இல்லீங்க” என்றாள். “பத்தொம்பது.”

அவர் சூள் கொட்டினார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, வேலிக்கு வெளியே கைகட்டி நின்றார். அத்தனை பேரில், என்ன ஆயிற்று என்று விசாரித்தவர் அவர் ஒருவர்தான்.